ஒற்றைக் கை அட்மிரலும் அரைச் சாண் படகும்

கரையாம்புத்தூருக்குப் போயிருக்கிறீர்களா? பெயரில்தான் கரை. கடலெல்லாம் கிடையாது. தென்பெண்ணை ஆற்றுப் பக்கம், வயலும் கரும்புமாக இருக்கிற ஊர். பாகூர் கொம்யூன். புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்தால், தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்து... வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் துண்டு துண்டாகப் பங்கு போட்ட லட்சணம் அது. எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால், சாலையோரத்தில் ஒயின்ஷாப் போர்டு எத்தனை என்று எண்ணிப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

அங்கே என் அத்தை மகன் வீடு. போன முறை போனபோது, திண்ணையில் ஒரு கலங்கரை விளக்கம் நின்றிருந்தது!

அவருடைய பையன் செய்தது. பத்தாம் வகுப்பு. புதுச்சேரி கடற்கரையில் இருக்கிறதே பழைய லைட்ஹவுஸ், அதுதான். சார்ட் பேப்பரைச் சுருட்டி, மைதாப் பசை தடவி, வெள்ளையடித்து, உச்சியில் ஒரு குட்டி எல்.இ.டி. பல்பு. கீழே தெர்மோகோல் கடற்கரை, அதன்மேல் நிஜ மணல். ‘ஸ்கூல் ப்ராஜெக்டா?’ என்றேன். ‘இல்ல மாமா, சும்மாதான்’ என்றான். இந்த ‘சும்மாதான்’ இருக்கிறதே, உலகத்தின் பல நல்ல காரியங்கள் அதில் ஆரம்பித்தவைதான்.

‘எந்த வருஷத்து லைட்ஹவுஸ்?’

‘எரிய ஆரம்பிச்ச வருஷம் மாமா. 1836 ஜூலை 1.’

நல்லது. ஆனால், மணலில் ஒரு படகு கிடந்தது. திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் படகு. நீலக் கலர். பின்னால் மோட்டார் வேறு!

நான் பி.காம். வரலாறு தெரிகிறதோ இல்லையோ, கணக்கு இடித்தால் உடனே தெரியும். பழைய லைட்ஹவுஸின் உயரம் சுமார் 27 மீட்டர். பையன் செய்தது ஒன்றேகால் அடி. அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு. இந்த 72 என்பது மாடல் செய்கிற உலகத்தில் ரொம்பப் பிரபலமான எண். ஏர்ஃபிக்ஸ் என்கிற இங்கிலாந்து கம்பெனி 1953-ல் ஸ்பிட்ஃபயர் விமானத்தை இந்த அளவில்தான் பிளாஸ்டிக் பாகங்களாக டப்பாவில் போட்டு விற்றது. அதன்பின் உலகம் முழுக்கப் பையன்களும், பையன்களாகவே இருந்துவிட்ட அப்பாக்களும் ஒட்டித் தள்ளினார்கள். கணக்கு சுலபம். ஆறடி ஆள் என்றால் பொம்மையில் ஓர் அங்குலம். அப்படியானால், ஓர் அடி நீளமுள்ள அந்த நீலப் படகு? நிஜத்தில் 72 அடி! அந்தக் காலத்துப் புதுச்சேரிக் கரையில் அத்தனை பெரிய படகு ஏறியிருந்தால் ஊரே திரண்டு வேடிக்கை பார்த்திருக்கும்.

‘அளவு தப்புடா’ என்றேன். ‘அப்ப 1836-ல என்ன படகு மாமா? எவ்வளவு நீளம்? எப்படி இருக்கும்?’ என்றான்.

எனக்குத் தெரியவில்லை. கடலோரம் போய்க் கேட்டாலும் பலன் இருந்திருக்காது. இப்போது அங்கே ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு மிச்சமிருந்த கட்டுமரங்களும் வேகமாக ஒதுங்கிப் போய்விட்டன. அதற்கும் முந்தைய படகுக்கு யார் அளவு சொல்வார்கள்?

தேடினேன். பதில் கிடைத்த இடம் பாரிஸ். சொன்ன ஆசாமியின் பெயரும் பாரிஸ்!

பிரான்சுவா எட்மோன் பாரிஸ். 1806-ல் பிறந்தவர், பிறந்த ஊரும் அதேதான். குழப்பம் வேண்டாம், நாம் எட்மோன் என்றே கூப்பிடுவோம். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. இருபது வயதில் ‘அஸ்த்ரோலாப்’ கப்பலில் முதல் நீண்ட பயணம். அடுத்து, லாப்ளாஸ் என்கிற கேப்டனின் கீழே ‘ஃபாவொரித்’ கப்பலில் உலகச் சுற்று. அந்தக் கப்பல் 1830-ல் புதுச்சேரிக்கு வந்தது.

வந்தது என்றால், கரைக்கு அல்ல. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

புதுச்சேரிக்குத் துறைமுகம் என்று பெயர்தானே தவிர, கப்பல் வந்து ஒட்டி நிற்க ஓர் இடம் கிடையாது. இரும்புப் பாலம் கட்டியதே 1860-களில்தான் (அதுவும் 1952 புயலில் போய்விட்டது). அதுவரைக்கும் கப்பல்கள் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவே, வரிசை வரிசையாக மடிந்து விழுகிற அலை. ஐரோப்பியக் கப்பலோடு வரும் ஆணியடித்த சிறு படகில் அந்த அலையைத் தாண்டிப் பாருங்கள்... மணலில் மோதிய முதல் அடியிலேயே பலகை பிளந்துவிடும்.

நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படகைத் தைத்தார்கள்!

ஆணியே கிடையாது. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, தென்னங்கயிற்றைக் கோத்து, சட்டை தைப்பது மாதிரி இழுத்துத் தைத்துவிடுவது. இணைப்பில் நார் வைத்து அடைப்பது. உள்ளே விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்களும் இல்லை. அதனால் மொத்தப் படகும் நெளியும். அலை தூக்கி மணலில் அறைந்தால் உடையாது, வளைந்து கொடுத்து எழுந்து உட்காரும். என்ன ஒன்று, தையல் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை இறைத்து ஊற்ற ஓர் ஆள் தேவை. அவ்வளவுதான்!

இதற்குச் சலங்கு என்று பெயர். துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தச் சலங்கு சர்வசாதாரணமாக வந்து போகும். பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படியே எடுத்து ‘ஷெலாங்க்’ ஆக்கிக்கொண்டார்கள். ஓட்டியவர்களான முக்குவர்களை ‘மக்குவா’ என்று எழுதினார்கள். கவர்னர், பாதிரியார், துணி மூட்டை, ஒயின் பீப்பாய் என்று இன்று ஒயிட் டவுனில் நாம் அண்ணாந்து பார்க்கிற அத்தனை சமாசாரமும் ஒரு காலத்தில் இந்தக் கயிற்றுத் தையலை நம்பித்தான் கரை சேர்ந்தது. சென்னையிலும் இதே கதைதான். அங்கே இதை மசூலா படகு என்றார்கள்.

எத்தனையோ வெள்ளைக்காரர்கள் அதில் ஏறி இறங்கினார்கள். பலர் பயந்து அலறியதை எழுதி வைத்தார்கள். சிலர் அலைக்கு நடுவே அழகான படம் வரைந்தார்கள். எட்மோன் மட்டும் அளவு எடுத்தார்!

நீளம், அகலம், ஆழம். படகைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும், பக்கவாட்டில் எப்படி, மேலிருந்து எப்படி? துடுப்பின் தட்டு எந்த வடிவம்? எல்லாவற்றையும் விகிதம் தப்பாமல் வரைந்தார். அழகான படத்தை வைத்து ரசிக்கலாம், படகு கட்ட முடியாது. எட்மோனின் தாளை வைத்துக் கட்டலாம். கட்டுமரம், தோணி, சலங்கு என்று நம் கரையில் கண்ணில் பட்டதையெல்லாம் இப்படித் தாளுக்கு மாற்றினார். நம் ஆசாரிகளிடம் தாளே கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முழமும் சாணும் அவர்கள் கையிலேயே இருந்தன. அப்பாவின் கையிலிருந்து மகன் கைக்குப் போனால்தான் உண்டு.

1837-ல் எட்மோன் மறுபடி கிளம்பினார். அதே லாப்ளாஸ், இந்த முறை ‘ஆர்தெமிஸ்’ கப்பல். மறுபடி புதுச்சேரி. இதற்குள் நம் லைட்ஹவுஸ் எரிய ஆரம்பித்துவிட்டது. எட்மோனுக்குப் படகு மாதிரியே இயந்திரத்திலும் பைத்தியம். நீராவிதான் எதிர்காலம் என்று நம்பியவர். ஊரில் இயந்திரம் ஓடுகிற ஒரு தொழிற்கூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். குனிந்து பார்த்தாரோ, கையை நீட்டிக் காட்டினாரோ... பற்சக்கரம் கையை இழுத்துக்கொண்டது.

இடது கை போயிற்று. புதுச்சேரியில்!

ஒரு கடற்படை அதிகாரிக்கு, அதுவும் ஸ்கேல் பிடித்துக் கோடு போடுகிற மனிதருக்கு, முப்பதைத் தாண்டிய வயதில் ஒரு கை இல்லை என்றால்? வேறொருவராக இருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு போயிருப்பார். இவர் வலது கையால் வரைந்தார். 1841-லிருந்து அவருடைய பெரிய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஐரோப்பியர் அல்லாத மக்கள் கப்பல் கட்டும் விதம் பற்றிய நூல். ஆசியா, மலேயா, பசிபிக் தீவுகள், அமெரிக்கா என்று அத்தனை ஊர்ப் படகுகளும் அளவோடு அதில் உண்டு. நம் சலங்கும் உண்டு.

பிறகு நீராவிக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கினார். நீராவி பற்றிப் புத்தகங்கள் எழுதினார். வைஸ் அட்மிரல் ஆனார். 1871-ல், 65 வயதில், ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி வந்து உட்கார்ந்த இடம் எது தெரியுமா? லூவ்ர் அரண்மனையில் இருந்த கடற்படை அருங்காட்சியகம். பத்தாம் சார்லஸ் மன்னர் 1827-ல் ஏற்படுத்தியது. அங்கே சொந்தமாக மாடல் பட்டறையே உண்டு. இளம் வயதில் தான் போட்ட வரைபடங்களை எடுத்து நீட்டினார், தச்சர்கள் குட்டிக் குட்டிப் படகுகளாகச் செய்ய ஆரம்பித்தார்கள். 1893-ல், 87 வயதில் இறக்கும்வரை அதே வேலை. அந்த அருங்காட்சியகம் இன்று செய்ன் நதியின் அதே கரையில், ஷையோ மாளிகையில் இருக்கிறது. 2023-ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள்.

நீராவியைத் தூக்கிப் பிடித்தவருக்கு, அந்த நீராவி எதையெல்லாம் கொல்லப்போகிறது என்பதும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். அதற்காக அவர் நமக்காகச் செய்தார் என்று கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆளவந்தவர்களின் கப்பலில் வந்தவர்தான். அவர் அளந்த சலங்கைத் தைத்தவர் யார் என்றால், பெயர் கிடையாது. தைத்த கையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது, அளந்த கை போன கதை தெரிகிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது.

நூலின் பக்கங்களை இப்போது வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். பிரிண்ட் போட்டுக் கரையாம்புத்தூருக்கு அனுப்பினேன். அன்று ராத்திரியிலிருந்து போன்தான்!

சுமார் 30 அடிப் படகு, 72-ல் ஒரு பங்கு என்றால் ஐந்து அங்குலம், அதாவது அரைச் சாண். ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிப் பலகை செய்துவிட்டான். துளைக்கு ஊசி. தைக்க என்ன செய்வது? வீட்டுத் தையல் நூலைக் கோத்துப் பார்த்திருக்கிறான். ‘பாக்கவே சகிக்கல மாமா’ என்றான். சகிக்காதுதான். அந்த நூலை 72 மடங்கு பெரிதாக்கினால் வில்லியனூர் தேர் வடம் மாதிரி ஆகிவிடும். கணக்குப் போட்டால், தலைமுடிதான் சரி. தலைமுடியின் 72 மடங்கு அரை சென்டிமீட்டர் கயிறு. பாட்டியின் பெட்டியிலிருந்து சவுரி காணாமல் போய், வீட்டில் சின்ன ரகளை.

அடுத்தது விளக்கு. ராத்திரி எரியவிட்டால் உச்சி மட்டுமல்ல, லைட்ஹவுஸ் மொத்தமும் ட்யூப்லைட் மாதிரி ஒளிர்கிறதாம். சார்ட் பேப்பர் வெளிச்சத்தைத் தடுக்காது. உள்பக்கம் கறுப்பு பெயின்ட் அடித்த பிறகு சரியாயிற்று. பல்பும் பளீர் வெள்ளை. 1836-ல் ஏது மின்சாரம்? எண்ணெய் விளக்குதான். மஞ்சள் பல்பாக மாற்றி, 9 வோல்ட் பேட்டரியில் எரிந்து போகாமலிருக்க நடுவில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அதை அவனே கண்டுபிடித்துக்கொண்டான். நான் பி.காம். என்று சொன்னேனே!

சலங்குக்குக் கலர் அடிக்காதே என்று மட்டும் சொன்னேன். பச்சை மரத்துக்கு மேலே தண்ணீராகக் கரைத்த பழுப்பு, துளைகளில் தேங்குகிற மாதிரி. காய்ந்ததும், கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு விளிம்பில் மட்டும் ஓர் இழுப்பு. உப்புப் பூத்தது போல ஆகிவிடும்.

போன வாரம் போட்டோ வந்தது. மஞ்சள் வெளிச்சம், மணல், மணலில் சாய்ந்து கிடக்கிற சலங்கு. பக்கத்தில் ஓர் அங்குல உயரத்தில் தொப்பி வைத்த ஆசாமி. உற்றுப் பார்த்தேன். இரண்டு கை!

போன் போட்டேன். ‘என்னடா, அவருக்கு ஒரு கைதானே?’

‘லைட்ஹவுஸ் எரியுது, அதனால இது ரெண்டாவது தடவ வந்தப்ப மாமா. ஆனா இன்னும் அந்த மிஷினப் பாக்கப் போகல.’