பாரதி பாட்டு இலவசம், புதுப்படமும் இலவசமா?

ஆலந்தலையில் இருக்கும் ஒரு மாணவர் செல்பேசியில் பாரதியார் கவிதைகளைத் தரவிறக்கம் செய்தால் யாரும் கேட்க முடியாது. நேற்று வெளியான படத்தைத் திருட்டு இணையதளத்திலிருந்து இறக்கினால் அது காப்புரிமை மீறல். இரண்டுமே காசில்லாமல் கிடைப்பவைதானே, பிறகு என்ன வேறுபாடு? அதே தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் கதையே இதற்குப் பதில் சொல்கிறது.

பாரதி 1921-ல் மறைந்தார். பின்னர் அவருடைய நூல்களின் உரிமை தம்பி சி. விசுவநாதனிடம் சேர்ந்தது. பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது உரிமைத் தகராறு எழுந்தது. மக்கள் கவிஞனின் பாட்டுக்குத் தனி முதலாளியா என்ற கேள்வி தமிழகமெங்கும் கிளம்பியது.

இந்தக் கட்டத்தில்தான் கவனிக்க வேண்டிய விஷயம் நடந்தது. நாரண. துரைக்கண்ணன் முதலானோர் பாடல்களைத் திருட்டுத்தனமாக அச்சடிக்கவில்லை. நேராகத் திருநெல்வேலி சென்று செல்லம்மாள் பாரதியின் சம்மதத்தைப் பெற்றார்கள். மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1949-ல் ஓமந்தூரார் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. பாரதியின் மனைவிக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. 1955-ல் படைப்புகள் பொதுமக்களுக்கே உரியவை ஆயின. இல்லையென்றால் 1971 முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

திருட்டு விசிடி காலத்தில், 2004-ல், தமிழக அரசு வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2023-ல் மத்திய அரசு ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்கும் பரப்புவோருக்கும் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. ஆனாலும் திருட்டுப் பிரதிகள் நிற்கவில்லை.

டிக்கெட் விலை அதிகம், பக்கத்தில் தியேட்டர் இல்லை என்பவை நியாயமான குறைகளே. ஆனால் வட்டிக்குக் கடன் வாங்கிப் படம் எடுத்தவருக்கு முதல் சில நாள் வசூல்தான் உயிர். அவர் விழுந்தால் லைட்மேன் முதல் போஸ்டர் ஒட்டுபவர் வரை அடுத்த வேலை இல்லை.

பாரதி பாட்டு இன்று இலவசம் என்றால், உரியவர்களிடம் கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகே அப்படி ஆனது. திருட்டுத் தரவிறக்கத்தில் யாரிடம் கேட்டோம், யாருக்கு என்ன கொடுத்தோம்? யோசித்துப் பாருங்கள்.