புருஷனைப் பார்க்கப் போக ஒரு விசா

சுற்றுலா விசா கேட்டா, "இவர் திரும்பி வரமாட்டார்"னுதான் அமெரிக்க அதிகாரி முதலில் எடுத்துக்கணும். 1952-ஆம் வருஷச் சட்டம், 214(பி) பிரிவு. புருஷன் அங்கே, க்ரீன் கார்டு மனு நிலுவையில். திரும்பி வருவேன்னு எப்படிங்க நிரூபிக்கிறது?

இதுக்காகவே 2000 டிசம்பர் 21-ல் கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம் கே-3, வி என ரெண்டு விசா தந்தது. சேர்ந்து இருந்தே காத்திருக்கலாம். ஆனா 'வி', அன்றைக்குள் மனு போட்டவங்களுக்கு மட்டும். ரெண்டு மனுவும் ஒப்புதலாகி ஒண்ணா வந்தா கே-3 மூடப்படும்னு 2010-ல் அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் அது பெரும்பாலும் ஏட்டளவில்தான்.

கனடா 2002-ல் அமலான சட்டத்திலேயே, குடியேறும் எண்ணம் இருந்தாலும் தற்காலிகமா வரலாம்னு எழுதிடுச்சு. கெடு முடிஞ்சா கிளம்புவாங்கன்னு அதிகாரி நம்பணும். மறுப்பும் உண்டு. ஆனாலும் என்னைக் கேட்டா இதுதான் தேவலை. புருஷனோட வாழணும்கிற ஆசையை ஒளிக்க வேண்டாமே!