கால்நகம் உள்வளர்தல்

கால்நகத்தின் பக்கவிளிம்பு, அதை ஒட்டியிருக்கும் சதைக்குள் குத்தி இறங்குவதால் வலியும் வீக்கமும் புண்ணும் உண்டாகும் நிலை. பெரும்பாலும் கால் பெருவிரலில் வரும். அதிலும் அடுத்த விரலைப் பார்த்திருக்கும் ஓரத்தில் அதிகம். வளரிளம் பருவத்தினரிடமும் இளைஞர்களிடமும் மிகுதியாகக் காணப்படும். முதுமையில் நகம் தடித்து வளையும்போது மறுபடி தலைகாட்டும்.

ஊரில் நகச்சுற்று என்று சொல்வது நகக்கண்ணில் கிருமி தொற்றிச் சீழ் வைப்பதை. கையில் வரும் நகச்சுற்று பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கால் பெருவிரலில் வந்தால் மட்டும் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். சீழுக்கு அடியில் பலமுறை ஒரு நகமுனை முள்ளைப் போல ஒளிந்திருக்கும். சீழை வடித்து, மாத்திரை விழுங்கி, முனையை அப்படியே விட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

காரணங்கள்

பாடநூல்கள் இறுக்கமான காலணியைத்தான் முதலில் குற்றம்சாட்டுகின்றன. முனை குறுகிய ஷூ பெருவிரலை அடுத்த விரலோடு சேர்த்து நெருக்கி, சதையை நகத்தின் மேல் தள்ளுகிறது. ஜூன் மாதத்தில் வாங்கிய பள்ளிக் காலணி, பிள்ளையின் கால் வளர்ந்த பிறகும் ஏப்ரல் வரை ஓடும் வீடுகளில் இது நடக்கவே செய்யும். ஆனால் ஆண்டு முழுவதும் ரப்பர் செருப்பில் திரிபவருக்கும் நகம் உள்ளே இறங்குகிறது. அங்கே குற்றவாளி நகவெட்டிதான்.

நகத்தின் மூலைகளை வட்டமாக ஒதுக்கி, ஆழத்தில் கத்தரிப்பதே நம்மிடையே மிகப் பரவலான தவறு. மூலை அழகாக இருக்கிறது; இரண்டு நாள் உறுத்தலும் இல்லை. ஆனால் ஓரத்தில், கருவி எட்டாத இடத்தில், கூரான ஒரு துணுக்கு மிஞ்சிவிடும். நகம் வளர வளர அந்தத் துணுக்கு முன்னேறி, எதிரே கிடக்கும் சதையைக் குத்தும். வலிக்கிறதே என்று அதே மூலையை இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள். அடுத்த துணுக்கு இன்னும் உள்ளே தங்கும். பிளேடால் நகம் வெட்டுகிறவர்களுக்கும் பல்லால் அல்லது கையால் பிய்க்கிறவர்களுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல்.

கல்லில் இடித்துக்கொள்வது, பந்து உதைப்பது, ஓயாத வியர்வையில் சதை ஊறியிருப்பது, பூஞ்சைத் தொற்றால் நகம் தடிப்பது, பிறவியிலேயே நகம் வளைந்திருப்பது ஆகியவையும் காரணமாகும். சில புற்றுநோய் மருந்துகள் நகத்தின் ஓரச் சதையைப் புண்ணாக்கி இதேபோன்ற தோற்றத்தைத் தரும்.

கிரிவலமும் பெருவிரலும்

திருவண்ணாமலையில் 814 மீட்டர் உயர அருணாசல மலையைச் சுற்றி, இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களை வணங்கியபடி செல்லும் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகை தீபத்தன்றும் லட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 20,000 அடிகள். ஒவ்வோர் அடியிலும் உடலை முன்னே உந்தித் தள்ளுவது பெருவிரல்.

இந்த நடை நகத்துக்கு நல்லதா, கெட்டதா? இரண்டு பக்கமும் வாதம் உண்டு. 1959-இல் வான்டென்பாஸ், பவர்ஸ் என்ற இருவர், நோய் நகத்தில் இல்லை, சதையில் இருக்கிறது என்று எழுதினார்கள்: உடல் எடையைத் தாங்கும்போது விரலின் அடிச்சதை பக்கவாட்டில் பிதுங்கி நகத்தின் மேல் ஏறுகிறது, ஆகவே வெட்ட வேண்டியது சதையை, நகத்தை அல்ல. இதற்கு எதிர்த்திசையில், ஜப்பானிய ஆய்வாளர்கள் சானோவும் ஒகாவாவும் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் கால்நகங்களை அளந்து பார்த்தார்கள். நடக்காதவர்களின் நகம்தான் அதிகம் வளைந்திருந்தது. நகத்துக்கு இயல்பாகவே உள்நோக்கிச் சுருளும் போக்கு உண்டு. தரை கீழிருந்து கொடுக்கும் அழுத்தமே அதை விரித்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் முரண் அவ்வளவு பெரிதில்லை. ஒழுங்காக வெட்டப்பட்ட நகத்தை நடை தட்டையாக்குகிறது. மூலை தோண்டப்பட்ட நகத்திலோ, அந்தப் பள்ளத்துக்குள் சதை பிதுங்கி ஏறி, வளர்ந்துவரும் முனையின் வழியில் போய் நிற்கிறது. வெறுங்கால் நடை நோயை உண்டாக்குவதைவிட, நகவெட்டி ஏற்கெனவே செய்துவைத்த வேலையை வெளிக்கொண்டுவருகிறது என்பதே பொருந்தும்.

வேறு இடர்கள் உண்டு. கூட்டத்தில் பின்னால் வருபவர் விரலை மிதித்துவிடுவார். இரவில் வேகத்தடையும் கல்லும் கண்ணில் படாமல் இடறும். தீபம் வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஈரத்தில் மணிக்கணக்காக ஊறிய சதை எளிதில் கிழியும், சாலை அழுக்கு புண்ணுக்குள் போகும். பகலில் நடந்தால் தார் கொதிக்கும். கிரிவலத்துக்குப் புறப்படும் நாளன்று அவசரமாக நகம் வெட்டுவது பலரின் பழக்கம். ஓரத்தில் ஏதேனும் கீறல் விழுந்திருந்தால் ஆறுவதற்கு இரண்டு மூன்று நாளாவது வேண்டும் என்பதால் நகம் வெட்டுவதை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. வெள்ளி, செவ்வாயில் வெட்டக்கூடாது என்று பார்க்கும் வீடுகளிலும் அதற்கு நாள் இல்லாமல் போகாது.

பெண்கள் அணியும் மெட்டி இரண்டாம் விரலில் இருப்பதால் பெருவிரலுக்குத் தொல்லை தருவதில்லை. மருதாணியும் நகப்பூச்சும் நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் ஓரச் சிவப்பையும் நிறமாற்றத்தையும் மறைத்துவிடும்.

சர்க்கரை நோயாளிகள்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. நீண்ட நாள் சர்க்கரை, காலின் உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். ரத்தக் குழாய்களையும் சுருக்கும். பிறருக்கு விண்விண் என்று தெறித்து மருத்துவரிடம் துரத்தும் அதே நகமுனை, மரத்துப்போன காலில் ஓசையின்றிப் புண்ணாகி, எலும்பு வரை போகக்கூடும். நீரிழிவுப் பாத நோய்க்கான சர்வதேச வழிகாட்டிகள் உள்வளர் நகத்தைப் புண்ணுக்கு முந்தைய அறிகுறியாகக் கருதி உடனே சரிசெய்யச் சொல்கின்றன. உணர்விழந்த காலோடு வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலாகவோ வெறும் காலுறையோடோ நடக்கக்கூடாது என்பதும் அவற்றின் அறிவுரை. 14 கிலோமீட்டர் தார்ச்சாலைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே மருத்துவரின் சொல்லும் வேண்டுதலும் நேருக்கு நேர் மோதுகின்றன. கோயிலுக்குள் செருப்பு கூடாது. கிரிவலப் பாதையோ பொதுச்சாலை. செருப்போடு நடப்பவர்களும் ஆட்டோவிலும் காரிலும் வலம் வருபவர்களும் எப்போதும் உண்டு. கால் மரத்தவர் அவர்களோடு சேர்ந்துகொள்வதில் குறையேதும் இல்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிப்பதற்காகத் தமிழ்நாடு அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. மாத்திரை வாங்கப் போகும்போதே கால்களையும் காட்டிவிடலாம்.

தடுப்பு

நகத்தை நேர்கோடாக வெட்ட வேண்டும். மூலைகள் சதைக்கு மேலே வெளியே தெரியும்படி, விரல் நுனியின் மட்டத்துக்கு விட வேண்டும். கூராக இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்க்கலாம். குளித்த பின் நகம் இளகியிருக்கும்போது வெட்டினால் பிளவுபடாது. கால்நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளர்வதால் கைநகத்தோடு சேர்த்து வாரந்தோறும் ஒட்ட வெட்டத் தேவையில்லை. நகத்தின் நடுவில் ‘வி’ வடிவில் வெட்டினால் ஓரங்கள் சதையை விட்டு நடுவை நோக்கி விலகிவரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. நகம் வளர்வது அடியிலுள்ள வேரிலிருந்து. நுனியில் செய்த வெட்டு வேருக்குத் தெரியாது.

வீட்டில் செய்யக்கூடியது

சிவப்பும் லேசான வலியும் மட்டும் இருக்கும் தொடக்க நிலையில், வெதுவெதுப்பான நீரில் காலை 10 முதல் 20 நிமிடம் ஊறவைத்து, ஓரச் சதையை நகத்திலிருந்து மெல்ல விலக்கித் தள்ளுவது பலன் தரும். நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். ஊறிய நகத்தின் மூலைக்கடியில் மெல்லிய பஞ்சுத் திரியைச் செருகி, தினமும் மாற்றி, நகமுனை சதையைத் தாண்டும் வரை தொடர்வது பழைய, எளிய முறை. பிளாஸ்திரியை விரலின் ஓரச் சதையில் ஒட்டிச் சாய்வாக இழுத்துச் சுற்றினால் சதை நகத்தை விட்டு விலகி நிற்கும். சர்க்கரை நோயாளிகள் இவற்றைத் தாமாகச் செய்யக்கூடாது. மரத்த காலுக்குச் சுடுநீரின் சூடும் தெரியாது.

எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலில் மாட்டுவது, மஞ்சளும் மருதாணி இலையும் அரைத்துக் கட்டுவது ஆகியவை நகச்சுற்றுக்கான கைவைத்தியங்கள். சித்த மருத்துவத்தில் ஆறாப்புண்ணுக்கு மத்தன் தைலம் பூசுவதும் வழக்கம். எதைப் பூசினாலும் குத்தி நிற்கும் முனை கரைந்துவிடாது. கிழிந்த சதையில் எலுமிச்சைச் சாறு எரிச்சலைத்தான் கூட்டும்.

மருத்துவச் சிகிச்சை

நோயை மூன்று நிலைகளாகப் பிரிப்பது வழக்கம்: சிவப்பும் வலியும், சீழும் நீர்வடிதலும், ஓரத்தில் தொட்டால் ரத்தம் கசியும் செஞ்சதை வளர்ந்து நகத்தை மூடுதல். முதல் நிலைக்கு மேலே சொன்னவை போதும். அடுத்த இரண்டுக்கும் பெரும்பாலும் சிறு அறுவை தேவைப்படும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை மட்டும் எழுதி அனுப்புவது பரவலாக இருந்தாலும், முனை அகன்றால் தொற்று தானாகவே அடங்குவதால், சிவப்பு விரலைத் தாண்டிப் பரவுவோருக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தோருக்கும்தான் அது உண்மையில் தேவை.

முழு நகத்தையும் பிடுங்குவது இன்றும் சில இடங்களில் நடக்கிறது. வலியும் அதிகம், புதுநகம் முளைத்து வர ஓராண்டுக்கு மேல் ஆகும், வந்ததும் பழையபடி உள்ளே இறங்கும் வாய்ப்பும் அதிகம். இதைவிடச் சிறந்தது, குத்தும் ஓரத்தை மட்டும் எடுப்பது. விரலின் அடியில் இருபுறமும் லிக்னோகெயின் ஊசி போட்டு மரக்கச் செய்து, ரப்பர் பட்டையால் ரத்த ஓட்டத்தைச் சற்று நிறுத்தி, ஓரத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு நகத்தை நுனி முதல் வேர்வரை நீளவாக்கில் பிளந்து உருவுவார்கள். பின்பு அந்த ஓரத்தின் வேரில் ஃபீனால் தோய்த்த பஞ்சை வைத்து, அங்கே நகம் மறுபடி முளைக்காதபடி தீய்த்துவிடுவார்கள். 1945-இல் ஓட்டோ போல் என்பவர் அறிமுகப்படுத்திய முறை இது. அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1860-களில் அறுவைப் புண்களைக் கிருமியின்றி வைக்கப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலமும் இந்த ஃபீனாலும் ஒன்றே. ஃபீனால் சேர்த்தால் நோய் திரும்புவது அநேகமாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2012-இல் கூறியது. வேரோடு சதையையும் ஆப்பு வடிவில் வெட்டியெடுத்துத் தைக்கும் வினோகிராட் முறை (1929), மிகையாக வளர்ந்த ஓரச்சதைக்கு ஏற்றது.

அறுவைக்கு முன் காலில் நாடி தெரிகிறதா என்று பார்ப்பதும் டெட்டனஸ் ஊசி போட்ட விவரம் கேட்பதும் இன்றியமையாதவை. நாடி தெரியாத காலில் ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் நகத்தைத் தொடுவது ஆபத்து. வாரக்கணக்கில் சீழ் நிற்காவிட்டால் எலும்பில் தொற்று உள்ளதா என எக்ஸ்ரே எடுப்பார்கள். எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத செஞ்சதையிலிருந்து ஒரு துணுக்கை ஆய்வுக்கு அனுப்புவதும் அவசியம். நிறமற்ற மெலனோமா என்ற தோல் புற்றுநோய், அரிதாக, இதே வேடத்தில் வரும்.

ஃபீனால் வைத்த விரலில் வலி பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆனால் இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், நீர் கசிந்துகொண்டிருக்கும். தினமும் கழுவிக் கட்டு மாற்ற வேண்டும். முன்பக்கம் திறந்த செருப்பு போதும். மாதந்தோறும் கிரிவலம் வருபவர், சிகிச்சைக்குப் பின் வரும் முதல் பௌர்ணமியை விட்டுவிட வேண்டியிருக்கும். புண் காய்ந்து மூடியிருந்தால் அடுத்ததற்கு நடக்கலாம்.