பெருநகருக்குள் ஒரு சிற்றூர்: மதுரையில் வாழ்வும் வணிகமும்

முன்னுரை

மதுரை 1866ஆம் ஆண்டு நகராட்சி ஆனது. 1971ஆம் ஆண்டு மே 1ஆம் நாள், சென்னைக்கு அடுத்தபடியாக மாநகராட்சி ஆனது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஆனாலும் இந்த ஊரைப் பற்றிப் பேசுவோர் 'மதுரை ஒரு பெரிய கிராமம்' என்றே சொல்வது வழக்கம். சிலர் இதைப் பாசத்தோடு சொல்கிறார்கள், சிலர் கேலியாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. ஊரார் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதே சிற்றூரின் முதல் அடையாளம். மதுரையின் கடைவீதிகள் நெடுங்காலமாக இந்த அறிமுகத்தையே முதலாகக் கொண்டு நடந்து வந்துள்ளன. அந்த அறிமுகம் எவ்வாறு உருவானது, யாருக்கு உதவியது, யாரை வெளியே நிறுத்தியது, இன்று என்ன ஆகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தெருக்களின் அமைப்பு

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்ற பெயர்களில் வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. இவ்வீதிகளை இணைக்கும் குறுந்தெருக்கள் பல, அங்கு இருந்த தொழிலின் பெயரையே தாங்கியுள்ளன. எழுத்தாணிக்காரத் தெரு, வளையல்காரத் தெரு, சித்திரக்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு, நெல்பேட்டை, வெற்றிலைப்பேட்டை ஆகியவை சில எடுத்துக்காட்டுகள். இன்றும் நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, மொத்த மளிகைக்குக் கீழமாசி வீதி, துணிக்கு விளக்குத்தூண் பகுதி என்று மக்கள் இடத்தைச் சொல்லியே பொருளைத் தேடிச் செல்கிறார்கள்.

ஒரே தொழில் செய்வோர் ஒரே தெருவில் இருந்தால் போட்டி கூடும் என்று மாணவர்கள் எண்ணக்கூடும். போட்டி கூடுவது உண்மைதான். ஆயினும் அதனால் வேறு பயன்களும் உண்டு. பக்கத்துக் கடையில் என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். தம்மிடம் இல்லாத சரக்கை எதிர்க்கடையிலிருந்து வாங்கிவந்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம். வாங்கிய கடனைத் திருப்பாதவரின் பெயர் அன்று மாலைக்குள் தெரு முழுவதும் பரவிவிடும். எழுதப்பட்ட ஒப்பந்தம் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதியைத் தெருவே செய்துவந்தது.

அறிமுகம் இல்லாத வணிகன்

இந்த அமைப்பு மிகப் பழமையானது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் கூறுகிறது. 'தூங்கா நகரம்' என்ற இன்றைய பெயருக்கு இந்த இரவுச் சந்தையை முன்னோடி எனலாம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மணி, பொன், துணி, தானியம் விற்கும் வீதிகள் தனித்தனியே வருணிக்கப்படுகின்றன.

அந்த வீதிகளைச் சுற்றிப் பார்த்தவன் கோவலன். புகாரில் பெருவணிகர் குடியில் பிறந்த அவனை மதுரையில் அறிந்தவர் இல்லை. கவுந்தியடிகள் அவனையும் கண்ணகியையும் மாதரியிடம் ஒப்படைக்கும்போது, அவன் தந்தையின் பெயரைக் கேட்டால் இந்நகரத்து வணிகர் அவனை விருந்தினனாக ஏற்றுக்கொள்வர் என்ற கருத்தைச் சொல்கிறார். அவர்களைச் சென்று காணும் முன்பே, தெருவில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம் அவன் சிலம்பைக் காட்டினான். இவன் இன்னாருடைய மகன், இவன் கையில் இருப்பது இவன் பொருள்தான் என்று சான்று சொல்ல அன்று யாரும் இல்லை. காப்பியம் ஊழ்வினையைக் காரணமாகக் கூறுகிறது. வணிக வரலாற்றை நோக்குபவர் இதில் வேறொன்றையும் காணலாம். அறிமுகத்தால் நடக்கும் சந்தையில் அறிமுகம் இல்லாதவனுக்குப் பாதுகாப்பு இல்லை.

கோட்டை இடிந்த பின்

நாயக்கர் காலத்தில் நகரைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. 1830களின் பிற்பகுதியில் தொடங்கி, மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த இடத்தில் புதிய தெருக்கள் தோன்றின. நில அளவையில் ஈடுபட்ட மாரட், பணியை நடத்திய பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயர்களில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அமைந்தன. பிளாக்பர்ன் நினைவாக எழுந்த விளக்குத்தூண் இன்று ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் துணிக்கடைப் பகுதியின் பெயராகவும் வழங்குகிறது.

சுவர் போனபின் ஊர் பரவியது. 1875இல் இரயில் வந்தது. ஆயினும் புதிய தெருக்கள் பழைய சதுரங்களை ஒட்டியே அமைந்ததால், வியாபாரத்தின் நடு இடம் கோயிலைச் சுற்றியே நின்றது. நகரம் வளர்ந்தும் சிற்றூர்ப் பண்பு கலையாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சொல்லும் கணக்கும்

இத்தகைய ஊரில் கடன் எப்படி நடந்தது? மளிகைக் கடையில் பற்று வரவு நோட்டு இருக்கும். வீட்டுக்காரர் சம்பளம் வாங்கியதும் பழைய பாக்கியை அடைப்பார், அல்லது அதில் ஒரு பகுதியைக் கொடுப்பார். மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரருக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை சரக்கு எடுக்க வரும்போது பணம் வாங்குவார். அடமானமாக வைக்கப்பட்டது அவரது பெயர் மட்டுமே.

மதுரை வட்டாரத்தில் 'செய்முறை' எனப்படும் மொய் வழக்கமும் இதைச் சேர்ந்ததே. காதுகுத்து, திருமணம் போன்ற விழாக்களில் வைக்கப்படும் மொய்ப் பணம் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்படுகிறது. வாங்கியவர் பின்னொரு நாளில் கொடுத்தவர் வீட்டு விழாவில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். இப்படிச் சேர்ந்த தொகையைக் கொண்டு கடை வைத்தவர்களும் நிலம் வாங்கியவர்களும் உண்டு. திருப்பிச் செய்ய முடியாமல் கடன்பட்டவர்களும் உண்டு.

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியேறிய சௌராட்டிர நெசவாளர்களின் சுங்குடித் தொழிலும் வீட்டையும் தெருவையும் நம்பியது. துணியில் நுண்ணிய முடிச்சுகள் இடும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டில் இருந்தபடியே செய்தனர். சாயம் தோய்ப்பது வேறிடம், விற்பது வேறிடம். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் முடிச்சிடும் கைகளுக்குக் கிடைத்த கூலி எப்போதும் மிகக் குறைவாகவே இருந்தது. கடைக்காரரை நேரில் அறியாமல், துணி கொண்டுவந்து கொடுப்பவரை மட்டுமே அறிந்த பெண்ணுக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. அறிமுகத்தின் பயன் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

மூடிய கதவும் மகமையும்

எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் ஒருவரின் சாதியும் எல்லோருக்கும் தெரியும். மதுரையின் சிற்றூர்ப் பண்பைப் புகழ்வோர் பலரும் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றனர்.

தென்மாவட்டங்களில் நாடார் சமூகத்து வணிகர்களின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் வணிகத்தில் முன்னேறிய பின்பும் பல கோயில்களுக்குள் நுழைய முடியவில்லை. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததால் எழுந்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது.

ஊரின் நம்பிக்கை வட்டத்துக்குள் இடம் கிடைக்காதவர்கள் தங்களுக்கென்று ஒரு வட்டத்தை உண்டாக்கினர். வண்டிகளும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்குப் பேட்டைகளை அமைத்தனர். விற்கும் சரக்கின் மீது 'மகமை' என்ற சிறு தொகையை ஒவ்வொருவரும் பொது நிதிக்குக் கொடுத்தனர். அந்நிதியை உறவின்முறை நிர்வகித்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை போன்ற பள்ளிகள் இந்த வழியில் எழுந்தவை. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி பின்னர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. மதுரைக் கீழமாசி வீதியின் மளிகை வணிகத்திலும் இச்சமூகத்தவரின் பங்கு பெரிது.

1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்களும் நாடார் சமூகத்தவரும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தனர். அதுவரை, கோயிலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் கடை வைத்திருந்தவர் அக்கோயிலுக்குள் போக முடியாத நிலை இருந்தது. அவரிடம் மளிகை வாங்கலாம், அவருக்குப் பணம் தரலாம், ஆனால் அவருடன் சேர்ந்து சாமி கும்பிட முடியாது. பட்டியல் சமூகத்தவருக்கோ கடைவீதியில் இடம் பிடிப்பதே அரிதாக இருந்தது. பேட்டையும் மகமையும் உண்டாக்கத் தேவையான முதல் அவர்கள் கையில் இருக்கவில்லை. கோயிலுக்குள் நுழைந்தபின்னும் கடைவீதிக்குள் நுழைவது அவர்களுக்குத் தனிப் போராட்டமாகவே இருந்தது.

ஆலை, வங்கி, மருத்துவமனை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் தொடங்கியது. பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தனர். ஆனால் ஆலையைச் சுற்றிய குடியிருப்புகள் மீண்டும் சிற்றூர்களாயின. ஹார்விபட்டி என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்பு உள்ளது. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் பேருந்துகளின் வழியே சுற்றுவட்டாரத்தை நகரத்தோடு இணைத்தது.

1943இல் கருமுத்து தியாகராசர் பேங்க் ஆஃப் மதுராவை நிறுவினார். உள்ளூர் வணிகரை அறிந்த உள்ளூர் வங்கியாக அது வளர்ந்தது. 2001இல் அது ஐசிஐசிஐ வங்கியுடன் இணைக்கப்பட்டது. அதற்குப் பின் மதுரையின் பெயர் தாங்கிய அந்த வங்கி இல்லை. கடன் கேட்பவரின் குடும்பத்தை அறிந்த மேலாளர் இருந்த காலம் போய், ஆவணங்களையும் கடன் மதிப்பெண்ணையும் பார்க்கும் காலம் வந்தது. பெயரும் உறவும் இல்லாத ஒருவருக்கு இந்த மாற்றம் நன்மையாகவும் அமையலாம் என்பதை மறுக்க முடியாது.

1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப் பின் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்களும் உறவினர்களும் சேர்ந்து உழைத்தனர். குடும்ப உழைப்பில் நடக்கும் மதுரைக் கடையின் முறைதான் அது. ஆனால் அது தன் கதவைத் திறந்தது வேறு விதமாக இருந்தது. கிராமம் கிராமமாக முகாம் நடத்தி, பணம் கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்தது. உறவில் தொடங்கிய ஒரு நிறுவனம் உறவுக்கு வெளியேயும் விரிய முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

திருவிழாவும் வியாபாரமும்

மதுரையின் வியாபார ஆண்டு திருவிழாக்களை ஒட்டி நடக்கிறது. மாசி வீதிகளில் தேர் ஓடுவது இப்போது சித்திரையில். திருமலை நாயக்கர் (1623–1659) திருவிழாக்களை ஒன்றிணைத்ததால் இந்த நிலை என்பது வழிவழிச் செய்தி. கள்ளழகர் வரும் வழியெங்கும் சமூகத்தவரும் வணிகர்களும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளை நடத்துகின்றனர். ஒரு மண்டகப்படியில் உரிமை இருப்பது ஊரில் ஒருவருக்கு இடம் இருப்பதற்கு அடையாளம். மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் அவனியாபுரத்தில் தைப் பொங்கலன்று ஜல்லிக்கட்டு நடக்கிறது. பேருந்து நிலையத்தின் பெயரான மாட்டுத்தாவணி, மாட்டுச் சந்தை கூடிய இடம் என்று பொருள்படும்.

இடம் மாறும் கடைகள்

1999இல் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் மாட்டுத்தாவணியில் அமைந்தது. வடக்கு ஆவணி மூல வீதியில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட்டும் பின்னர் அங்கேயே சென்றது. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, மண்டபமும் கடைகளும் சேதமடைந்தன. அதன்பின் கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புது மண்டபத்தில் கற்சிலைகளுக்கு இடையே இருந்த தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டனர்.

பழைமையான மண்டபத்தைக் காக்க வேண்டும் என்பதிலோ, நெரிசலைக் குறைக்க வேண்டும் என்பதிலோ இருவேறு கருத்து இருக்க முடியாது. ஆனால் சித்திரைத் திருவிழாவுக்குக் கருப்பசாமி உடை தைக்க வரும் பக்தர், தாத்தா காலத்திலிருந்து வந்த தூணைத் தேடித்தான் வருவார். கடை எண்ணையும் மாடி எண்ணையும் அவர் அறியமாட்டார். கடைக்காரருக்குப் புதிய இடத்தில் சுவரும் கூரையும் கிடைத்துவிடும். தலைமுறைகளாகச் சேர்த்த வாடிக்கையை அவர் மறுபடியும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். இடமாற்றத் திட்டங்களில் சதுர அடிக்குக் கணக்கு உண்டு. இந்த இழப்புக்குக் கணக்கு இல்லை.

முடிவுரை

மதுரையின் சிற்றூர்ப் பண்பு தானாக வந்ததன்று. தெரு அமைப்பும் திருவிழாவும் பற்று வரவு நோட்டும் மகமையும் மொய்யும் சேர்ந்து அதை உருவாக்கின. மனிதர்கள் உருவாக்கியது என்பதால் அதை மாற்றவும் முடியும், காக்கவும் முடியும். கடைவீதியை இடம் மாற்றுவோர் அங்குள்ள உறவுகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடைவீதியைப் போற்றுவோர், அதில் இடம் கிடைக்காதவர்களையும் நினைவில் கொள்ள வேண்டும். யாருடைய மகன், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்காமலே ஒரு புதியவருக்கு இங்கு கடையும் கடனும் வாடகை வீடும் கிடைக்கும் நாளில், மதுரை தன் சிற்றூர்ப் பண்பின் நல்ல பாதியை மட்டும் வைத்துக்கொண்டது என்று சொல்லலாம்.