இசைத்தட்டும் இளங்குரலும்: தமிழகத்தில் சிறார் சேர்ந்திசை

தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் 17 ஆம் நாள் அரசாணை, பொது நிகழ்ச்சிகளில் அதை இசைத்தட்டு முதலியவற்றால் ஒலிக்கச் செய்வதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றோர் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றது. ஒலிப்பதிவு சிறார் சேர்ந்திசைக்கு வழிகாட்டியாகலாம், அதன் இடத்தைப் பிடிக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அரசாணை அந்தத் திசையில் சரியான அடி.

1925 இல் ஒலிவாங்கி வழிப் பதிவு வந்த பிறகே பெருங்குழுவின் பாடல் இசைத்தட்டில் தெளிவாகப் பதிந்தது. 1929 இல் மான்செஸ்டர் நகரப் பள்ளிச் சிறார் சுமார் 250 பேர் பாடிய கொலம்பியா இசைத்தட்டு இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றது. தமிழகத்திலும் இசைத்தட்டு சிறுவர் குரலை நாடியது. ஆனால் தனிக்குரலாகவே நாடியது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு அவருடைய பத்தாம் வயதில், 1926 இல் வந்தது. மேடையிலேயே கற்பனையாக விரித்துப் பாடும் மனோதர்மத்தைப் போற்றும் கருநாடக இசை தனிப்பாடகரையே நடுவில் நிறுத்தியது. இசைத்தட்டு வணிகமும் பாடகர் பெயரை நம்பி நடந்தது. கூட்டுப்பாடல் பஜனை மடங்களிலும் மார்கழித் தெருக்களிலும் வாழ்ந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் எம்.பி. சீனிவாசன். திரையிசையமைப்பாளராக ஒலிப்பதிவுக் கூடத்தை நன்கறிந்த அவர், 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். பாரதி பாடல்களைப் பல குரல் இழைகளாக அமைத்தார். 1980களில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் சமுதாயப் பாடல் திட்டத்தில் பங்காற்றி, பல மாநிலச் சிறாரைச் சேர்ந்து பாட வைத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். முறையான இசைப்பயிற்சி இல்லாதோரும் சேர்ந்திசை பாட முடியும் என்பதை அவர் பணி மெய்ப்பித்தது.

பதிவின் பயனையும் மறுக்க இயலாது. எம்.எஸ். விசுவநாதன் இசையமைப்பில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய வாழ்த்துப்பாடல், சென்னை சபாக்களுக்குத் தொலைவிலுள்ள தருமபுரி மாவட்டக் கம்பைநல்லூர் போன்ற ஊர்களுக்கும் ஒரே மெட்டைக் கொண்டுசேர்த்தது. ஆனால் அப்பதிவின் சுருதி பெரியவர் குரலுக்கு ஏற்றது. அதனோடு சேர்ந்து பாடும் சிறார் எட்டாத இடத்தில் கத்துவர் அல்லது வாயசைப்பர். தம் சுருதியைத் தேர்வதும், பக்கத்துக் குரலைக் கேட்டு இணைவதும், ஒன்றாக மூச்செடுப்பதும் பதிவு கற்றுத்தர இயலாதவை.

இசையாசிரியர் இல்லாத பள்ளி என்ன செய்யும் என்ற வினா நியாயமானது. வகுப்பாசிரியர் பதிவைக் கேட்டு மெட்டைக் கற்கட்டும். பிறகு கருவியை நிறுத்திவிட்டு, குழந்தைகளுக்கு இசைந்த சுருதியில் அடியடியாகச் சொல்லித்தரட்டும். முறையாகப் பாட 55 வினாடியே ஆகும் பாடலுக்கு இது பெரும்பாரமன்று. தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திசையை ஒரு பாடமாகவே கல்வித்துறை சேர்க்க வேண்டும். கம்பைநல்லூர் போன்ற சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அப்பயிற்சி முதலில் சேர வேண்டும்.