செவிலியப் பட்டப்படிப்பில் எதைக் கற்பிப்பது?

ஒரு தொழிலுக்குரிய பாடத்திட்டத்தை நோக்கினால், அத்தொழில் செய்வோரைச் சமுதாயம் எவ்வாறு மதிக்கிறது என்பது விளங்கும். செவிலியர் கல்வியின் வரலாறே இதற்குச் சான்று.

நோயுற்றோர் உடலைத் தொடுவதும் பேறுகாலக் குருதியைத் துடைப்பதும் நம் நாட்டில் தீட்டு எனக் கருதப்பட்டன. பல பகுதிகளில் பேறு பார்த்த தாய்மார் ஒடுக்கப்பட்ட சாதியினரே ஆவர். அவர்தம் கைத்திறனை ஊர் பயன்படுத்திக் கொண்டது. அதனைக் கல்வி என ஒப்புக்கொள்ள மறுத்தது.

1860-ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நிறுவிய பள்ளி, செவிலியர்க்கு முறையான பயிற்சி இன்றியமையாதது என்பதை நிலைநாட்டியது. எனினும் அதன்பின்னும் நெடுங்காலம் பயிற்சி என்பது பெரும்பாலும் வார்டு வேலையாகவே இருந்தது.

இந்தியாவில் திருப்பம் 1946-இல் நேர்ந்தது. சர் ஜோசப் போர் என்பாரின் தலைமையில் அமைந்த குழு, 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே உள்ளார் என அறிவித்து, செவிலியர்க்குப் பட்டப்படிப்பும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அவ்வாண்டிலேயே தில்லியிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் அப்படிப்பு தொடங்கிற்று.

பட்டப்படிப்பு வந்ததும் வினா ஒன்று எழுந்தது. நான்கு ஆண்டுகளில் எதைக் கற்பிப்பது? கைப்பழக்கம் மட்டும் போதுமா? உடலியலும் மருந்தியலும் வேண்டாவா? நோய்க்குக் காரணமான வறுமையையும் அறிய வேண்டாவா? 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் இவ்வினாவுக்குக் காலந்தோறும் விடை கூறி வருகிறது. 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் படிப்பை எட்டுப் பருவங்களாகப் பகுத்தது. நுண்ணுயிரியல், மனநலம், சமுதாய நலம், ஆராய்ச்சி ஆகியவற்றோடு தடயவியல் செவிலியத்திற்கும் இடம் தந்தது. சமூகவியல் பாடத்தில் சாதி அமைப்பும் கற்கப்படுகிறது. நோயாளியின் நாடியைப் பார்ப்பவர், அவர் குடியிருக்கும் சேரியின் நிலையையும் அறிதல் வேண்டும் அன்றோ?

ஆயினும் தலைப்பைச் சேர்த்தால் மட்டும் போதாது. 2022-இல், செவிலிய மாணவர்க்கான சமூகவியல் நூலொன்று வரதட்சணையின் "நன்மைகளை" அடுக்கிக் கூறியது வெளிப்பட்டு, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கவுன்சிலும் அதனைக் கண்டித்தது. பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பை எழுதுவோர் ஒருவர்; அதற்குப் பொருள் கூறுவோர் வேறொருவர். சாதி என்னும் தலைப்புக்கும் இதே இடர் நேரலாம்.

ஆகவே, இளைஞர்களே! நம் பெண்மக்களும் ஆண்மக்களும் செவிலியராதல் மட்டும் போதாது. அவர்கள் பேராசிரியராகவும், நூலாசிரியராகவும், பாடத்திட்டக் குழுவின் உறுப்பினராகவும் உயர்தல் வேண்டும். அன்று பேறு பார்த்த நம் அன்னையரின் அறிவு ஏட்டில் ஏறவில்லை. இனி ஏட்டை எழுதும் கைகளுள் நம் கையும் ஒன்றாகட்டும்.