சிம்மாசனப் பிரசங்கமும் தமிழர் வாக்கும்

சோழப் பெருமன்னர் காலத்தில் அரசன் வாய்மொழியாக ஓர் ஆணையைப் பிறப்பிப்பானாயின், அதனைக் கேட்டு எழுதிக்கொள்ளுதற்கெனத் தனி அலுவலர் இருந்தனர். திருவாய்க்கேள்வி, திருமந்திர ஓலை, திருமந்திர ஓலைநாயகம் என்னும் பெயர்கள் அக்காலச் சாசனங்களிற் பயின்று வருகின்றன. அரசன் வாயினின்று பிறந்த சொல் ஓலையில் ஏறி, மேலதிகாரிகளால் ஒப்புநோக்கப்பெற்று, வரிக்கணக்கிற் பதிவாகி, ஈற்றில் ஊரவரை அடைந்து கல்லிலோ செம்பிலோ பொறிக்கப்பட்டது. காற்றோடு கலந்து போகவேண்டிய ஒலியை நிலைபெறச் செய்தது எழுத்து. எழுதியவர் கைக்கு எத்துணை ஆற்றல் இருந்தது என்பதை இவ்வொழுங்கு நன்கு காட்டுகின்றது.

பிரித்தானியப் பாராளுமன்ற மரபு இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. அங்கே மன்னர் சொல்ல அலுவலர் எழுதுவதில்லை; அமைச்சர் எழுத மன்னர் வாசிக்கின்றார். "எனது அரசாங்கம்" என்று அரியணையிலிருந்து எழும் குரல் மன்னருடையதாயினும், சொல் அமைச்சரவையினுடையது. பாராளுமன்றக் கூட்டத்தொடர் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நிகழும் இவ்வுரையே சிம்மாசனப் பிரசங்கம் எனப்படும். உரை முடிந்தபின் அதற்கு நன்றி கூறும் பிரேரணையொன்று சபையிற் கொண்டுவரப்படும். எதிர்க்கட்சியினர் அந்நன்றியோடு ஒரு குறையையும் சேர்த்துத் திருத்தம் கொணரலாம். அத்திருத்தம் நிறைவேறினாலும், நன்றிப் பிரேரணை தோல்வியுற்றாலும், அரசாங்கம் சபையின் நம்பிக்கையை இழந்ததாகக் கொள்ளப்படும். ஆகவே வெறும் சடங்காகத் தோன்றும் இவ்வைபவத்தின் உள்ளே ஆட்சியைக் கவிழ்க்கும் வாளொன்று உறையிடப்பட்டிருக்கின்றது. அந்த வாளை இலங்கைத் தமிழர் பிரதிநிதிகள் ஏந்திய இரு சந்தர்ப்பங்களையும், அவற்றால் விளைந்த பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கையில் இம்மரபின் வித்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஊன்றப்பட்டது. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பயனாகச் சட்டநிரூபண சபை தோன்றியபின், தேசாதிபதிகள் அச்சபையின் கூட்டத்தொடர்களை உரை நிகழ்த்தித் தொடக்கி வைத்தனர். சபையும் மறுமொழி வழங்கிற்று. ஆயினும் சபையில் உத்தியோகத்தரே பெரும்பான்மையினராய் இருந்தமையால், அம்மறுமொழி உபசாரமேயன்றி அதிகாரமாகவில்லை. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று வடபகுதித் தொகுதிகள் நான்கு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தன. அவ்விடங்கள் 1934 வரை வெறுமையாயிருந்தன. சபைக்கு வெளியே நிற்பதன் வலிமையையும் அதன் வரம்பையும் குடாநாடு அன்றே கண்டறிந்துகொண்டது.

சோல்பரி அரசியற்றிட்டத்தோடு வெஸ்ற்மின்ஸ்ரர் முறை முழுவதும் இந்நாட்டிற்கு வந்துசேர்ந்தது. பிரதிநிதிகள் சபை, செனற் சபை, மந்திரிசபை, மகாதேசாதிபதி என்னும் உறுப்புக்கள் அமைந்தன. 1948 பெப்ரவரியில் குளொஸ்ரர் கோமகன் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்து வைத்தார். 1954 ஏப்ரலில் இரண்டாம் எலிசபெத்து மகாராணியாரே கொழும்புக்கு வந்து பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தார். அப்பொழுது பிரதம மந்திரியாய் இருந்தவர் சேர் யோன் கொத்தலாவலை.

அதே ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் வேறொரு சொல் பிறந்தது. ஹன்டி பேரின்பநாயகம் அதிபராய் விளங்கிய கொக்குவில் இந்துக் கல்லூரியில் நிகழ்ந்த வரவேற்பில், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வழங்க அரசியற்றிட்டத்தில் ஏற்பாடு செய்வதாகப் பிரதம மந்திரி உறுதி கூறினார். அவ்வுறுதி சட்டமாகவில்லை. தெற்கில் எழுந்த எதிர்ப்பைக் கண்டு, 1956 பெப்ரவரியிற் களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடு சிங்களம் மட்டும் என்னும் கொள்கையைத் தானும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஏப்ரல் மாதத் தேர்தலில் அக்கட்சி 8 ஆசனங்களாகச் சுருங்கிற்று, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா ஆட்சிபீடம் ஏறினார். ஜூன் 5ஆந் திகதி உத்தியோக மொழி மசோதா சபையிற் சமர்ப்பிக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறிற்று. 1957 ஜூலை 26இற் கைச்சாத்தான பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தமும் 1958 ஏப்ரலிற் கைவிடப்பட்டது. மேடையிற் கூறிய உறுதியும் உடன்படிக்கையில் இட்ட கைச்சாத்தும் சட்டத்தின் வாயிலைக் கடவாது நின்றன.

இந்நிலையிலேதான் 1960 மார்ச்சுத் தேர்தல் வந்தது. 151 தொகுதிகளில் ஐக்கிய தேசியக் கட்சி 50, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46, தமிழரசுக் கட்சி 15 எனப் பெற்றன. லங்கா சமசமாஜக் கட்சிக்கும் மக்கள் ஐக்கிய முன்னணிக்கும் பத்துப் பத்து ஆசனங்கள் கிடைத்தன. நியமன உறுப்பினர் அறுவரையும் சேர்த்து 157 பேர் கொண்ட சபையில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. டட்லி சேனநாயக்கா சிறுபான்மை அரசாங்கமொன்றை அமைத்தார். மார்ச்சு 30இல் நடைபெற்ற சபாநாயகர் தெரிவில் அரசாங்கத்தின் வேட்பாளர் தோல்வியுற்று, ரி. பி. சுபசிங்கா தெரிவானமை பின்னர் வருவதற்கு முன்னறிவிப்பாய் இருந்தது.

காங்கேசன்துறையிலிருந்து செல்வநாயகமும், வட்டுக்கோட்டையிலிருந்து அமிர்தலிங்கமும், நல்லூரிலிருந்து வைத்திய கலாநிதி நாகநாதனும், உடுவிலிலிருந்து தருமலிங்கமும் உள்ளிட்ட பதினைவர் அச்சபையிற் சென்று அமர்ந்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் நான்கு. பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தத்தின் அடிப்படையிற் பிரதேச சபைகள் அமைத்தல், வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நிருவாகமும் நீதிமன்றமும் தமிழில் நடத்தல், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தல், அது நிறைவேறும்வரை நியமன ஆசனங்களின் வாயிலாக மலைநாட்டுத் தமிழருக்குப் பிரதிநிதித்துவம் அளித்தல் என்பனவே அவை. டட்லி சேனநாயக்கா அவற்றை ஏற்கவில்லை. அவ்வேளை ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்குத் தலைமை தாங்கிய சி. பி. டி சில்வா தரப்பினர் இணக்கம் தெரிவித்தனர். மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்கா வாசித்த சிம்மாசனப் பிரசங்கத்தில் தமிழரின் கோரிக்கைகள் இடம்பெறவில்லை. 1960 ஏப்ரல் 22இல் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. அரசாங்கத்துக்கு எதிராக 86, ஆதரவாக 61 என வாக்குகள் வீழ்ந்தன. தமிழரசுக் கட்சியின் 15 வாக்குகளும் மறுபக்கம் விழுந்திருப்பின் கணக்கு 76க்கு 71 ஆகி அரசாங்கம் நிலைத்திருக்கும். ஆட்சியின் ஆயுளைத் தமிழர் பிரதிநிதிகளே தீர்மானித்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

இவ்விடத்திற் பிரித்தானிய வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றை ஒப்புநோக்குதல் தகும். 1886 ஜனவரியில் சாலிஸ்பரிப் பிரபுவின் அரசாங்கம் இதே வகையான வாக்கெடுப்பில் வீழ்ந்தது. திருத்தம் விவசாயத் தொழிலாளருக்கு நிலம் வழங்குவது பற்றியது. அதனை வெல்லச் செய்தவற்றுள் பார்ணலின் தலைமையில் நின்ற ஐரிஷ் உறுப்பினர்களின் வாக்கும் ஒன்று. விக்ரோறியா மகாராணியார் பொதுச்சபையைக் கலைக்காது கிளாட்ஸ்ரனை அழைத்தார். கிளாட்ஸ்ரன் ஏப்ரலிலேயே அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அது ஜூனிலே தோல்வியுற்றது என்பது உண்மை. எனினும் ஐரிஷ் மக்களின் கோரிக்கை ஒரு மசோதாவாக எழுதப்பெற்று, பொதுச்சபையின் மேசைமீது வைக்கப்பட்டது. 1924 ஜனவரியில் போல்ட்வினின் அரசாங்கம் இவ்வாறே வீழ்ந்தபோதும், மன்னர் எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டை அழைத்தாரேயன்றித் தேர்தலுக்கு உத்தரவிடவில்லை.

கொழும்பில் நிகழ்ந்தது வேறு. தோல்வியுற்ற பிரதம மந்திரியின் ஆலோசனையை ஏற்று, மகாதேசாதிபதி மறுநாளே பாராளுமன்றத்தைக் கலைத்தார். மாற்று அரசாங்கம் அமைக்க எதிர்க்கட்சியினருக்கு வாய்ப்பளித்திருத்தல் வேண்டும் என்னும் வாதம் அரசியலறிஞரிடையே நெடுநாள் நிலவியது. சட்டவிற்பன்னரின் வாதம் எவ்வாறாயினும், அதன் விளைவு தமிழருக்குப் பெரிது. 15 பேரின் ஆதரவில்லாமல் ஆள முடியாத சபை அன்றே மறைந்தது. ஜூலைத் தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது. நியமன உறுப்பினரோடு அதற்கு அறுதிப் பெரும்பான்மை கிட்டிற்று. தமிழரசுக் கட்சி ஓர் ஆசனம் கூடப்பெற்று 16 ஆயிற்று. ஆயினும் அதன் வாக்கு தராசுத் தட்டினின்று இறங்கிவிட்டது. ஏப்ரலில் அளித்த இணக்கத்தை ஆகஸ்டில் நினைவுகூர வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில் 1961 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் சிங்களம் நிருவாக மொழியாக நடைமுறைப்படுத்தப்பட்டது. பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிற் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டுத் தலைவர்கள் பனாகொடை முகாமிற் காவலில் வைக்கப்பட்டனர். ஓராண்டுக்கு முன் அரசாங்கத்தை வீழ்த்திய கைகள் கச்சேரிப் படியிற் கூப்பி நின்ற கைகளாயின.

இரண்டாஞ் சந்தர்ப்பம் 1964இல் வாய்த்தது. பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் மசோதாவினால் ஆளுங்கட்சிக்குள்ளேயே பிளவு மூண்டது. சபை முதல்வராயிருந்த அதே சி. பி. டி சில்வா பதின்மூவரோடு எதிர்ப்பக்கம் சென்று அமர்ந்தார். அந்த அக்டோபரில் கைச்சாத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்திருந்தது. மலைநாட்டுத் தமிழரின் ஊழ் அவர்களைக் கேளாமலே எழுதப்பட்டது. டிசம்பர் 3ஆந் திகதி, டபிள்யூ. தகநாயக்கா சிம்மாசனப் பிரசங்கத்துக்குக் கொணர்ந்த திருத்தம் 74க்கு 73 என ஒரு வாக்கினால் நிறைவேறிற்று. தமிழரசுக் கட்சியினர் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தனர்.

இம்முறை தமிழர் தலைவர்கள் முந்திய அனுபவத்தை மறந்தாரல்லர். 1965 மார்ச்சுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 66 ஆசனங்களே பெற்றபோது, ஆதரவு அளிக்குமுன் எழுத்து வேண்டினர். மார்ச்சு 24இல் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மு. திருச்செல்வம் உள்ளூராட்சி மந்திரியாக மந்திரிசபையில் அமர்ந்தார். 1966 ஜனவரியில் தமிழ்மொழிப் பிரமாணங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. மாவட்ட சபைகளோ 1968இல் வெள்ளை அறிக்கை வரை வந்து கைவிடப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் திருச்செல்வம் பதவி துறந்தார். முதற் சந்தர்ப்பத்தோடு நோக்குமிடத்து இரண்டாவதில் ஒரு படி ஏறினர் என்பதை மறுத்தல் நியாயமாகாது. ஆயினும் தனிப்பட எழுதிய எழுத்து வேறு, சிம்மாசனத்திலிருந்து நாடறிய வாசிக்கப்பெற்றுச் சட்டமாகும் எழுத்து வேறு என்பதை அம்மூன்றாண்டுகள் உணர்த்தின.

1972 மே 22இல் இலங்கை குடியரசானதோடு முடியாட்சி நீங்கியது. சிம்மாசனம் என்னும் சொல்லும் அதனோடு வழக்கொழிந்தது. உரை அரசாங்கக் கொள்கை விளக்கவுரை ஆயிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனை வாசிக்கும் பொறுப்பை நிறைவேற்று அதிகாரமுடைய சனாதிபதியிடம் அளித்தது. இப்பொழுது வாசிப்பவரே ஆள்பவருமாவார். அவ்வுரையைப் பாராளுமன்றம் நிராகரிக்குமாயின் அமைச்சரவை கலையும், சனாதிபதி நீடிப்பார். அமெரிக்க சனாதிபதியின் ஆண்டுரையை இது ஓரளவு ஒத்தது; ஆங்கும் உரையின்மீது ஆட்சி வீழ்வதில்லை. 1964 டிசம்பருக்குப் பின்னர் இலங்கையில் எந்த அரசாங்கமும் தன் தொடக்கவுரையின்மீது வீழ்ந்ததில்லை.

உரையின் வலு குன்றிய காலத்திலேயே அதன் ஒலி பரந்தது என்பதும் கருதத்தக்கது. அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டிலேயே ட்ரூமனின் உரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. இலங்கையில் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தோன்றியது. புதிய பாராளுமன்றக் கட்டடம் அவ்வாண்டு ஏப்ரலிற் கோட்டையிலே திறக்கப்பட்டது. முன்னர் யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளில் மறுநாட் பத்திரிகை வந்த பின்னரே அறிந்த செய்தி, வீட்டுத் திண்ணைக்கு உடனுக்குடன் வந்தது. யுத்த காலத்தில் மின்சாரமற்றிருந்த குடாநாட்டு மக்கள் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். தலைநகரில் ஆள்வோர் தம்மைப் பற்றி என்ன சொல்கின்றனர், என்ன சொல்லாது விடுகின்றனர் என்று கூர்ந்து கேட்கும் பழக்கம் அவர்களைவிட்டு நீங்கவில்லை. 2023 பெப்ரவரியில் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதிகாரப் பரவலாக்கம் பற்றி அவ்வுரையிற் பேசியபோது, பாராளுமன்றத்தை அண்டிய வீதியிற் பிக்குமார் எதிர்ப்புக் காட்டினர். ஒரு சொல் உரையினின்று சட்டத்துக்குச் செல்லும் வழி இன்றும் எத்துணை இடர்ப்பட்டது என்பதற்கு அது சான்று.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். 1960இலும் 1964இலும் தமிழர் பிரதிநிதிகளுக்குச் சிம்மாசனப் பிரசங்கத்தை வீழ்த்தும் ஆற்றல் இருந்தது. அதனை எழுதும் ஆற்றல் இருக்கவில்லை. வீழ்த்துதற்குச் சபையிற் சில வாக்குகள் போதும்; எழுதுதற்கோ வாக்களிக்கும் பெரும்பான்மை மக்களின் உள்ளமும் இசைதல் வேண்டும். முதலாவதைத் தேர்தற் கணக்கு ஒருநாள் தரும், மறுநாள் பறிக்கும். இரண்டாவதை ஊர்தோறும் உழைத்தே ஈட்டல் வேண்டும். டட்லி சேனநாயக்காவோ சி. பி. டி சில்வாவோ தம் இணக்கத்தைத் தென்னிலங்கை மக்கள் முன் துணிந்து எடுத்துரைத்திருப்பின், எழுத்து நிலைத்திருக்கலாம். பழஞ் சோழர் காலத்து ஆணையும் கேட்டவரோடு நிற்கவில்லை; எல்லாரும் காணும் இடத்தில், ஊரவர் அறியப் பொறிக்கப்பட்டது. மறைவில் எழுதிய உறுதி எளிதில் அழியும். மன்றிற் பொறித்த எழுத்தே வழிவழி நிற்கும்.